வாடிக்கையாளருடன் பேசிய பேச்சு யார் கையில் இருக்கிறது?

செம்பரம்பாக்கம், திருமழிசை, பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி வட்டாரங்களில் குறுந்தொழில், சிறுதொழில் கூடங்களை நடத்திவரும் உரிமையாளர்களுக்கும் அவர்தம் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்



1964-இல் தொடங்கப்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், கனரக வாகனத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஆவடியும், பூந்தமல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையின் இருமருங்கும் திருமழிசை, செம்பரம்பாக்கம் வழியாக இருங்காட்டுக்கோட்டை வரை நீளும் பட்டறைகளும் கிடங்குகளும் சேர்ந்து, சென்னையின் மேற்குப் புறத்தை ஒரு பெரும் உற்பத்தி வட்டாரமாக ஆக்கியிருக்கின்றன. இவ்வட்டாரத்துச் சிறு கூடங்களில் மிகப் பல, கடைசி நுகர்வோருக்கு நேரே பொருள் விற்பவை அல்ல. கார் நிறுவனத்துக்கோ, அதற்குப் பாகம் தரும் அடுத்த அடுக்கு நிறுவனத்துக்கோ, பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக்கோ உதிரிபாகம் செய்துகொடுப்பவை. ஆகவே வாடிக்கையாளர் என்று இம்மடலில் குறிக்கப்பெறுவோர், ஆர்டர் தரும் நிறுவனத்தின் பர்ச்சேஸ், குவாலிட்டி, ஸ்டோர்ஸ் பிரிவுகளைச் சேர்ந்தவர்களே. டிராயிங்கின் புதிய ரிவிஷன் வருவதும், மாலைக்குள் இன்னும் இத்தனை பீஸ் வேண்டும் என்ற அவசரம் வருவதும், ரிஜெக்‌ஷன் ஆன பாகத்தின் படம் வருவதும், பில் எப்போது பாஸாகும் என்ற கேள்வி போவதும் ஆகிய அன்றாடப் பேச்சு இன்று பெரும்பாலும் வாட்ஸ்அப் குரூப்களிலேயே நிகழ்கிறது.

இக்குரூப்களை எந்தக் கூடமும் ஆராய்ந்து தேர்ந்துகொண்டதாகச் சொல்வதற்கில்லை. வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் அலுவலர் ஒரு நாள் தம் சொந்தக் கைப்பேசியில் ஒன்றைத் தொடங்கி, கூடத்தின் சூப்பர்வைசரைச் சேர்த்திருப்பார். பிறகு உரிமையாளரும், டிஸ்பாட்ச் பார்ப்பவரும், சில வேளை லாரி ஓட்டுநரும் சேர்ந்திருப்பார்கள். ஒரு மெஷின் வாங்கும்போது மூன்று இடங்களில் விலை கேட்டு, இயக்கிப் பார்த்து, சர்வீஸ் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கும் உரிமையாளர்கள், அம்மெஷினுக்கு வேலை கொண்டுவரும் பேச்சு எங்கே நடக்க வேண்டும் என்பதை மட்டும் தற்செயலுக்கு விட்டுவிட்டார்கள். அத்தேர்வு இனியேனும் எண்ணிச் செய்யப்பட வேண்டும் என்பதும், எந்தச் செயலி வசதியானது என்று கேட்பதற்கு முன்னர் பேச்சின் பதிவு யார் கையில் தங்குகிறது என்று கேட்க வேண்டும் என்பதுமே இம்மடல் முன்வைக்கும் வேண்டுகோள்.

பதிவு யார் கையில் என்ற கேள்வி ஏட்டளவிலானது அன்று; அது நேரே பணத்தைத் தொடுவது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர், எழுத்துமூலம் எவ்வளவு நீண்ட தவணை பேசியிருந்தாலும், பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. எல்லாம் அந்த ஏற்றுக்கொண்ட நாளைப் பொறுத்தது. பொருள் ஒப்படைக்கப்பட்ட 15 நாட்களுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபணை தெரிவிக்காவிடில் ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். தெரிவித்திருந்தால், குறை நீக்கப்பட்ட நாளே அந்நாளாகும். வருமான வரிச் சட்டத்தில் 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சேர்த்த 43பி(எச்) என்னும் கூறும், இக்கெடுவைத் தாண்டிப் பாக்கி வைத்த தொகையை, அது உண்மையில் செலுத்தப்படும் ஆண்டுக்கு முன்னர் வாங்கியவர் தம் செலவாகக் காட்ட முடியாதபடி செய்துவிட்டது. ஆகையால் பொருள் எந்த நாளில் ஏற்கப்பட்டது என்பதில் இரு தரப்புக்கும் முன்னெப்போதையும்விடக் கூடுதலான அக்கறை பிறந்திருக்கிறது.

இப்போது குரூப்பில் வழக்கமாக நடப்பதை இச்சட்டத்தின் அருகில் வைத்துப் பார்க்கலாம். பொருள் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள், குவாலிட்டி பிரிவில் இருப்பவர் மூன்று பீஸ்களைப் படம் எடுத்து, பர் எனப்படும் பிசிறு இருக்கும் இடத்தைச் சிவப்பு வட்டமிட்டு, ஒரு சொல்லும் எழுதாமல் குரூப்பில் போடுகிறார். சூப்பர்வைசர் 'பார்க்கிறேன் சார்' என்று குரல்பதிவு அனுப்புகிறார். மறுநாள் இருவரும் நேரில் பேசி முடித்துக்கொள்கிறார்கள். நான்கு மாதம் கழித்துப் பணம் வராதபோது, அந்தப் படம் எழுத்தில் தெரிவித்த ஆட்சேபணையா, குறை நீங்கியது எந்த நாளில் என்னும் கேள்விகள் எழுகின்றன. எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் சொல்லுமிடத்தில், மின்வடிவில் இருந்தாலும் போதும் என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் பின்னர் எடுத்துப் பார்க்கத்தக்கதாக அது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இடம் தருகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரை திருத்தலாம். இரண்டு நாட்களுக்கு மேலும்கூட எல்லோருடைய திரையிலிருந்தும் அழிக்கலாம். மறையும் செய்திகள் என்ற வசதியை யாரேனும் இயக்கிவைத்திருந்தால் 24 மணி நேரத்திலோ 7 நாட்களிலோ 90 நாட்களிலோ அது தானே மறைந்துபோகும். பின்னர் எடுத்துப் பார்க்கத்தக்கது என்ற நிபந்தனையை இத்தகைய இடம் எவ்வளவு தூரம் நிறைவேற்றும் என்று ஒவ்வோர் உரிமையாளரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குரல்பதிவு இதனினும் கடினமானது. பட்டறையின் இரைச்சலில், எண்ணெய் படிந்த கையோடு தட்டச்சு செய்வதைவிடப் பேசி அனுப்புவது எளிது என்பதால், இவ்வட்டாரத்தில் வேலையின் மிக முக்கியமான சொற்கள் குரல்பதிவாகவே போகின்றன. தமிழில் தட்டச்சு பழகாதவர்களுக்கும், இந்தி பேசும் ஆபரேட்டர்களுக்கும் அதுவே வழி. அதைத் தடுக்க நினைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் குரல்பதிவில் சொல்லைத் தேட முடியாது; 'டயா 22.4 போதும்' என்று யார், என்றைக்குச் சொன்னார் என்பதைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் திரும்பக் கேட்க வேண்டும். எண் இருக்கும் குரல்பதிவுக்குக் கீழே அந்த எண்ணைப் பெற்றவர் தட்டச்சு செய்து, சரியா என்று கேட்டுவிட வேண்டும் என்ற ஒரே வழக்கம் கூடத்தில் நிலைபெற்றால் போதும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

செய்தி போய்ச் சேர்ந்த நேரம் எது என்பதிலும் சட்டம் ஒரு வாய்ப்பை வைத்திருக்கிறது. அதை இவ்வட்டாரத்துக் கூடங்கள் பயன்படுத்திக்கொள்வதாகத் தெரியவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, ஒருவர் தமக்கு வரும் மின்செய்திகளுக்கென ஒரு கணினி இடத்தை, அதாவது ஒரு மெயில் முகவரியை அல்லது அதுபோன்ற ஒன்றை, முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால், செய்தி அவ்விடத்தில் நுழைந்த கணமே பெறப்பட்டதாகும். குறித்த இடத்தை விட்டு வேறோர் இடத்துக்கு அனுப்பினால், பெறுபவர் அதை எடுத்துப் பார்க்கும் நேரமே பெற்ற நேரமாகும். எந்த முகவரிக்கு வந்தால் கூடத்துக்கு வந்ததாகக் கொள்ளப்படும் என்பதைக் கொட்டேஷனிலும் இன்வாய்ஸிலும் ஒரு வரியாக அச்சிட்டுவிட்டால், ஊருக்குப் போயிருந்த சூப்பர்வைசரின் கைப்பேசியில் இரவு 11 மணிக்கு வந்து விழுந்த டிராயிங் மாற்றம் அந்நேரமே கூடத்துக்குத் தெரிந்துவிட்டதாக வாதிடுவதற்கு இடம் குறைகிறது. வாடிக்கையாளரும் தம் பங்குக்கு ஒரு முகவரியைக் குறித்துத் தந்தால், தாமதமாகும் என்று கூடம் அனுப்பிய எச்சரிக்கையும் அவ்வாறே உறுதியாகப் போய்ச் சேர்ந்ததாகும்.

வழக்கு என்று வந்துவிட்டால், பதிவு யாருடைய கருவியில் இருக்கிறது என்பது இன்னும் கூர்மையான கேள்வியாகிறது. 2020 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில், மூலக் கருவியையே அதன் உரிமையாளர் சாட்சியாக வந்து முன்வைத்தாலன்றி, மின்பதிவுக்குரிய சான்றிதழ் கட்டாயம் தேவை என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு அச்சான்றிதழை இரு பகுதிகளாக்கி, ஒன்றைப் பதிவைத் தாக்கல் செய்பவரும் மற்றொன்றை வல்லுநரும் தர வேண்டும் என்கிறது. கோப்பு இடையில் மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் ஹேஷ் எனப்படும் கணிதக் குறியெண்ணையும் அதில் குறிக்கச் சொல்கிறது. சூப்பர்வைசரின் சொந்தக் கைப்பேசியில் மட்டும் இருந்த பேச்சுக்கு இச்சான்றிதழை யார் தருவார்? அவர் வேலையை விட்டுப் பக்கத்துப் பட்டறைக்குப் போயிருக்கலாம், கைப்பேசியை மாற்றியிருக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்செடுத்துக் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அதை நம்பி இருத்தல் ஆகாது.

நீதிமன்றங்கள் அரட்டைச் செய்தியை எப்போதும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 2018 ஜூனில் மும்பை உயர் நீதிமன்றம், கடன் அட்டை வழக்கொன்றில் வாட்ஸ்அப் வழியே அனுப்பிய அறிவிப்பு திறந்து பார்க்கப்பட்டதை நீலக் குறிகள் காட்டுவதால் அதைச் சேர்ப்பிக்கப்பட்டதாகவே ஏற்றது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமோ, விசாரணைக்கு வரும்படி காவல் துறை அனுப்பும் அறிவிப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவது சட்டம் வகுத்த முறைக்கு ஈடாகாது என்றது. கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில், ஆளிவிதை வாங்கும் நிறுவனம் ஒன்று 2021 மார்ச்சில் ஒப்பந்தத்தைப் படமெடுத்து உழவர் ஒருவரின் கைப்பேசிக்கு அனுப்பி உறுதிப்படுத்தச் சொல்ல, அவர் கட்டைவிரல் உயர்த்திய குறியைப் பதிலாக அனுப்பினார். ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அக்குறி என்று அவர் பின்னர் வாதிட்டும், 2023-இல் நீதிமன்றம் அதைக் கையொப்பத்துக்கு நிகரான சம்மதமாகக் கொண்டு ஏறத்தாழ 82,000 கனடிய டாலர் இழப்பீடு தரச் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2024 டிசம்பரில் அதை உறுதி செய்தது. அத்தீர்ப்பு இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் டெலிவரித் தேதியைக் கேட்டு வரும் ஒவ்வொரு செய்திக்கும் பழக்கத்தால் கட்டைவிரலை அழுத்தும் கைகள் இவ்வட்டாரத்திலும் ஏராளம் என்பதால், அச்செய்தி இங்குள்ளோர் அறிந்திருக்க வேண்டியதே.

இனி, கிடைக்கும் வழிகளைப் பற்றி. சொந்த எண்ணில் இயங்கும் சாதாரண வாட்ஸ்அப்பை அடுத்து இருப்பது, 2018 ஜனவரியில் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. இதைக் கூடத்தின் 044 தொலைபேசி எண்ணிலேயே, அழைப்பு வழி உறுதிக்குறியீடு பெற்று, பதிவு செய்துகொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாத வசதி; எண் கூடத்துக்குரியதாகிவிடுவதால், ஆள் மாறினாலும் பேச்சு கூடத்தோடு நிற்கும். அலுவலகக் கணினியிலும் வேறு கருவிகளிலும் அதை இணைத்து வைக்கலாம். வேலை நேரம் முடிந்தபின் வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகவும் செய்யலாம். இதற்கும் மேலே, மென்பொருள் வழியாக இயங்கும் வாட்ஸ்அப் பிசினஸ் தளம் ஒன்று உண்டு. அதில் வாடிக்கையாளர் கடைசியாக எழுதிய 24 மணி நேரத்துக்குள் மட்டுமே கூடம் இயல்பாகப் பதில் எழுத முடியும், அதன்பின் முன்னரே ஒப்புதல் பெற்ற வாசக அச்சுகளை மட்டும் அனுப்பலாம். ஆயிரக்கணக்கான நுகர்வோரைக் கொண்ட கடைகளுக்கு அது பொருந்தும். எட்டுப் பத்து வாடிக்கையாளரோடு நாளெல்லாம் பேசும் லேத் பட்டறைக்கு அது தேவையில்லை.

மற்றொரு வகை, அலுவலகங்களுக்கென்றே உருவான அரட்டைத் தளங்கள். ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், கூடுவாஞ்சேரியை அடுத்து வளாகம் கொண்ட ஸோகோ நிறுவனத்தின் கிளிக் ஆகியன இவ்வகை. இவற்றில் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அதன் உள்ளே ஒவ்வொரு பொருளுக்கும் சேனல் என்னும் தனித்தனிப் பேச்சுப் பகுதியை அமைக்கலாம். ஒரு வாடிக்கையாளருக்கு ஒன்று, அவருடைய புதிய பாகத்தின் மேம்பாட்டுக்கு மற்றொன்று என்று பிரிக்கலாம். உரையாடலில் ஒரு சொல்லை இட்டுத் தேடலாம். வேலையை விட்டவரின் அனுமதியை நிர்வாகி ஒரே சொடுக்கில் நிறுத்தலாம். வெளியாரைச் சேர்ப்பதற்கு இத்தளங்களில் இரண்டு முறைகள் உண்டு. இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு விளம்பரங்களில் தெளிவாகச் சொல்லப்படுவதில்லை என்பதால் இங்குச் சற்று விரிவாகக் கூறுதல் தகும்.

ஒன்று விருந்தினர் முறை: ஒரு நிறுவனம் தன் கணக்குக்குள் வெளியாரை அழைத்துக்கொள்கிறது, வந்தவர் தமக்குத் திறக்கப்பட்ட சேனலை மட்டும் பார்ப்பார், பேச்சு முழுவதும் அழைத்தவரின் கணக்கிலேயே தங்கும். மற்றொன்று பகிர்வு முறை: இரு நிறுவனங்களும் தத்தம் கணக்கிலிருந்தபடியே ஒரே சேனலில் சந்திக்கின்றன. ஸ்லாக் நிறுவனம் 2020 ஜூனில் ஸ்லாக் கனெக்ட் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய பகிர்வு சேனலில், தொடர்பு அறுந்தாலும் அதுவரை நடந்த பேச்சின் படி இரு தரப்பிடமும் இருக்கும். 2022-இல் வந்த டீம்ஸ் பகிர்வு சேனலிலோ, சேனலைத் தொடங்கியவரின் கணக்கிலேயே கோப்புகள் தங்குகின்றன, விலக்கப்பட்டவருக்கு அவை எட்டாமற் போகின்றன. அதாவது, இவ்வட்டாரத்துச் சிறு கூடம் ஒன்று பெரிய வாடிக்கையாளரின் டீம்ஸ் கணக்குக்குள் விருந்தினராக நுழைந்து ஈராண்டு பேசியிருந்தாலும், உறவு கசந்த நாளில் வாடிக்கையாளர் அனுமதியை நீக்கிவிட்டால், தானே எழுதிய சொற்களைக்கூடக் கூடத்தால் பார்க்க முடியாது. தனிப்பட்ட கைப்பேசியில் இருந்த வாட்ஸ்அப் குரூப்பிலாவது, விலக்கப்பட்டபின்னும் பழைய செய்திகள் கைப்பேசியில் எஞ்சும். அலுவலகத் தளம் என்பதனாலேயே அது பாதுகாப்பானது என்று முடிவு கட்டிவிடலாகாது. அது யாருடைய அலுவலகம் என்று பார்க்க வேண்டும்.

இலவசத் திட்டங்களின் எல்லையும் கவனத்துக்குரியது. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாட்களுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாது. ஓராண்டுக்கு மேற்பட்டவை அழிக்கப்படுகின்றன. விற்ற பொருளின் விலையைக் கோரி வழக்கிடக் காலவரைவுச் சட்டம் 3 ஆண்டு தருகிறது. சரக்கு, சேவை வரிக் கணக்குகளை ஆண்டு விவரத் தாக்கலுக்குரிய கெடு நாளிலிருந்து 72 மாதம் பேண வேண்டும். மூன்று மாதத்தில் மறைந்துவிடும் பேச்சை மூன்று ஆண்டு உரிமைக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ள முடியாது.

தளம் எதுவாயினும் அது ஒரு நாள் இல்லாமற் போகலாம். சீனத்திலிருந்து மெஷின் பாகங்களையும் டூல்களையும் வரவழைக்கும் இந்திய வணிகர்களுக்கு வீசாட் செயலியே அன்றாட வழியாக இருந்தது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்றாகிவிட, பேசிவைத்த விலையும் மாதிரிப் படங்களும் அதனுள்ளேயே சிக்கிக்கொண்டன. கொரிய நிறுவனங்களோடு தொழில் செய்பவர்கள் அறிந்த காக்காவோடாக், 2022 அக்டோபர் 15 அன்று சியோலுக்கு அருகிலுள்ள பாங்யோவில் தரவு மையம் ஒன்றில் தீப்பிடித்ததால் முடங்கியது; எல்லாச் சேவைகளும் பழைய நிலைக்கு மீள ஐந்து நாட்கள் பிடித்தன. ஏற்றுமதியாளர்கள் பல ஆண்டு நம்பியிருந்த ஸ்கைப் 2025 மே 5 அன்று மூடப்பட்டது. செம்பரம்பாக்கத்துக்கு இதனினும் அருகிலான நினைவு ஒன்று உண்டு: 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேறி அடையாறு கரைபுரண்ட நாட்களில், சென்னையின் பல பகுதிகளில் கைப்பேசித் தொடர்பே அறுந்துகிடந்தது. கூடத்தில் வெள்ளம் புகுந்தது என்றும், சரக்கு நகராது என்றும் வாடிக்கையாளருக்குச் சொல்லக்கூட வழியற்ற நிலை அது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் மெயில் முகவரியும், தரைவழித் தொலைபேசி எண்ணும், மாற்று எண்ணும் எழுதிய தாள் ஒன்று அலுவலகச் சுவரில் தொங்க வேண்டும் என்று சொல்வதற்கு வேறு காரணம் தேவையில்லை.

தேர்வை நடைமுறையில் எப்படிச் செய்வது? பெரிய வாடிக்கையாளர் தமக்கென சப்ளையர் போர்ட்டல் வைத்திருந்தால் அங்கே கூடத்துக்குத் தேர்வே இல்லை. போர்ட்டலில் வரும் பர்ச்சேஸ் ஆர்டரையும் (பி.ஓ.) திருத்தத்தையும் அன்றன்றே இறக்கிக் கூடத்தின் கணினியில் சேர்த்துவைப்பதே செய்யத்தக்கது. ஆண்டு முழுதும் வேலை தந்து, புதிய பாகங்களைச் சேர்ந்து உருவாக்கும் இரண்டு மூன்று வாடிக்கையாளர்களோடு, அவர்கள் இசைந்தால், இரு தரப்பிலும் படி தங்கும் பகிர்வு சேனல் நல்லது. ஜாப் ஒர்க் கொண்டுவரும் மற்றவர்கள் வாட்ஸ்அப்பை விட்டு வரமாட்டார்கள்; வரச் சொல்லி வற்புறுத்துவதும் தொழிலுக்கு ஆகாது. அங்கே கூடத்தின் சொந்த எண், கூடத்தின் கருவி, மாதந்தோறும் உரையாடலை ஏற்றுமதி செய்து சேமிக்கும் பழக்கம் ஆகியன போதும். ஒரு வாடிக்கையாளரின் குரூப்பில் மற்றொரு வாடிக்கையாளரின் டிராயிங் தவறிப் போய் விழுவதைத் தடுக்க, குரூப்பின் பெயரிலேயே வாடிக்கையாளரின் பெயரும் பாக எண்ணும் இருக்க வேண்டும். 2025 மார்ச்சில் அமெரிக்க உயர் அதிகாரிகள் ஏமன் தாக்குதல் பற்றிப் பேசிய சிக்னல் குரூப்பில் பத்திரிகை ஆசிரியர் ஒருவரைத் தாங்களே தவறிச் சேர்த்துவிட்ட செய்தியை உலகம் அறியும். அத்தகையோருக்கே நேர்ந்தது, ஷிப்ட் மாறும் நேரத்தின் அவசரத்தில் எவருக்கும் நேரும்.

வழி எதுவாக இருப்பினும், சில செய்திகள் அரட்டையில் தங்கிவிடலாகாது. விலை, அளவு அல்லது டாலரன்ஸ் மாற்றம், டெலிவரித் தேதி, ரிஜெக்‌ஷனும் அது தீர்ந்த விதமும், பணம் தருவதாகச் சொன்ன நாள் ஆகியவை அரட்டையில் பேசப்பட்ட அன்றே, பி.ஓ. எண்ணோடும் டிராயிங்கின் ரிவிஷன் எண்ணோடும் இரண்டு வரி மெயிலாகக் கூடத்தின் முகவரியிலிருந்து வாடிக்கையாளரின் முகவரிக்குப் போக வேண்டும். இன்று காலை குரூப்பில் தாங்கள் கூறியபடி இன்ன பாகத்தின் துளை அளவை இன்ன ரிவிஷனின்படி மாற்றிச் செய்கிறோம், மாறுபாடு இருப்பின் நாளைக்குள் தெரிவிக்கவும் என்ற அளவில் எழுதினால் போதுமானது. எழுதுவதற்கு ஒருவர் பெயர் குறித்துப் பொறுப்பாக்கப்பட வேண்டும். எல்லோருடைய பொறுப்பு என்றால் எவரும் எழுதமாட்டார். வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்கில் செலுத்துக என்று வரும் செய்தியை மட்டும் மெயிலில் வந்தாலும் நம்பாமல், முன்னரே தெரிந்த எண்ணில் அழைத்துக் குரலைக் கேட்டபின்பே ஏற்க வேண்டும். மெயில் கணக்கைக் கைப்பற்றி நடக்கும் மோசடிகளில் பணம் போவது இவ்வழியில்தான்.

பதிவைப் பற்றி இவ்வளவு கூறியபின், அப்பதிவைத் தன் கைப்பேசியில் சுமக்கும் ஆளைப் பற்றிக் கூறாமல் விடுவது நியாயமாகாது. வாடிக்கையாளரின் குரூப்பில் சூப்பர்வைசரின் சொந்த எண் இருப்பதால், வாரவிடுமுறையிலும் நள்ளிரவிலும் அவர் கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்நேரத்துக்குக் கூலி இல்லை. அலுவலகத்தில் பில் போடும் பெண்களின் சொந்த எண்கள் முன்பின் அறியாத நாற்பது பேரின் கைப்பேசிகளுக்குப் போய்ச் சேருகின்றன. அவர்களுடைய முகப்புப் படங்களை அந்நியர் பார்க்கின்றனர், வேலைக்குத் தொடர்பற்ற செய்திகளும் வருகின்றன. அதைப் புகாராகச் சொல்வதற்கும் அவர்கள் தயங்குகின்றனர். 2023ஆம் ஆண்டின் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபரின் எண்ணையும் காக்கத்தக்க தரவாகவே கருதுகிறது. ஆனால் சட்டம் வருமுன்னரே இது உரிமையாளரின் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறை. கூடத்தின் பெயரில் ஒரு சிம், கூடத்திலேயே தங்கும் ஒரு கைப்பேசி, ஷிப்ட்டுக்கு ஒருவர் அதைக் கையேற்கும் முறை ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு நாள் ரிஜெக்‌ஷனின் இழப்பைவிடக் குறைவு. வேலையை விட்டுப் போகிறவர் நல்ல மனத்தோடு போவதற்கும் அது உதவும். அவருடைய சொந்தக் கைப்பேசியில் வாடிக்கையாளரின் டிராயிங் ஒன்றுகூட இல்லையெனில் அவரை ஐயுறவும் இடமில்லை, அவர் மீது பழி விழவும் வழியில்லை.

தனியொரு கூடம் பெரிய வாடிக்கையாளரிடம் போய், இனி இன்ன முகவரிக்குத்தான் எழுத வேண்டும் என்று கேட்பது கடினம் என்பதை இம்மடல் மறக்கவில்லை. அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற அச்சம் வெறும் கற்பனையும் அன்று. இவ்விடத்திலேதான் சங்கங்களின் துணை தேவைப்படுகிறது. ஐமா என்று அழைக்கப்பெறும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமும், திருமழிசை முதலிய தொழிற்பேட்டைகளின் சங்கங்களும் கூடி, எல்லா உறுப்பினரும் தம் கொட்டேஷனிலும் ஆர்டர் ஏற்பு மடலிலும் ஒரேவிதமாக அச்சிடத்தக்க நிபந்தனை வரிகளை வழக்கறிஞரைக் கொண்டு வரைந்து தரலாம். அவ்வரிகள் இவ்வாறு அமையலாம்: கூடத்துக்கான அறிவிப்புகள் இன்ன மெயில் முகவரிக்கு வந்தபோதே பெறப்பட்டனவாகும். குரூப்பிலோ குரல்பதிவிலோ கூறப்பட்ட விலை, அளவு, தேதி மாற்றங்கள் அம்முகவரிக்கு எழுத்தில் உறுதி செய்யப்பட்ட பின்பே நடைமுறைக்கு வரும். பொருள் பற்றிய ஆட்சேபணை, டெலிவரி சலான் (டி.சி.) எண்ணையும் பீஸ் எண்ணிக்கையையும் குறித்து 15 நாட்களுக்குள் அம்முகவரிக்கே அனுப்பப்பட வேண்டும். பகிர்வு சேனலோ விருந்தினர் கணக்கோ மூடப்படுமானால், அதற்கு முன் உரையாடலின் படியைக் கூடத்துக்குத் தர வேண்டும். இந்நான்கு கூறுகளை அவ்வரைவின் தொடக்கமாகக் கொள்ளலாம். எல்லாக் கொட்டேஷன்களிலும் இவ்வரிகள் இருக்குமாயின், எந்தக் கூடமும் தனித்து நின்று கேட்டதாகாது. வரைவு ஆயத்தமானதும் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, உறுப்பினர் கூட்டமொன்றில் ஒவ்வொரு வரியையும் விளக்கி வழங்குமாறு சங்கப் பொறுப்பாளர்களை இம்மடல் பணிவோடு கேட்டுக்கொள்கிறது.

இங்ஙனம்,
இவ்வட்டாரத் தொழிற்கூடங்களின் நலம் விழையும் ஒருவர்,
செம்பரம்பாக்கம்.